பகடை உருளுமுன் பேசிக்கொள்க

மேசைமேல் பச்சைத் துணி விரித்து, அட்டைக் குன்றுகளும் பஞ்சு மரங்களும் அமைத்து, விரலளவு டாங்கிகளை அணிவகுத்துப் போர் ஆடுவது மேலை நாடுகளில், சிறப்பாக இங்கிலாந்தில், பெரியவர்களும் விரும்பி ஆடும் விளையாட்டு. அளவுகோலால் அளந்து டாங்கியை நகர்த்துவர். பகடை உருட்டிக் குண்டு பட்டதா, கவசம் துளைபட்டதா என முடிவு செய்வர். ‘குடும்பப் பத்திரிகையில் போருக்கு என்ன வேலை?’ என வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவ்வினாவுக்குப் பின்னர் வருவோம். முதலில் நாம் கருத விரும்புவது, அச்சிட்ட விதிநூல் கையில் இருக்கவும், ஆடுவோர் தமக்குள் வகுத்துக்கொள்ளும் வீட்டு விதிகளைப் பற்றியே. தாயத்துக்கும் கேரத்துக்கும் வீட்டுக்கு வீடு விதி மாறுவதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போருக்கு விதிநூல் எழுதி இல்லங்களுக்குள் கொண்டுசென்ற முன்னோடிகளுள் ஒருவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் ‘லிட்டில் வார்ஸ்’, அதாவது ‘சிறு போர்கள்’. டாங்கி என்பதே உலகில் இல்லாத 1903இல், நிலத்தில் ஊர்ந்துவரும் கவச ஊர்திகளைக் கற்பனை செய்து சிறுகதை தந்தவரும் அவரே. மெய்யான டாங்கி களம் புகுந்தது 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சின் சோம் போர்முனையில். (வெல்ஸ் நம் திருச்சபையின் நண்பர் அல்லர், 1943இல் அதைத் தாக்கித் தனி நூலே எழுதினார். அதற்காக அவர் தந்த நல்ல விளையாட்டைத் தள்ளிவிட வேண்டுவதில்லை.)

அந்நூலில் நம்மைக் கவர்வது விதிகள் பிறந்த விதம். எடுத்துக்காட்டாக, தனிமைப்பட்ட சிறு படையொன்று பெரும்படையிடம் சிக்கினால் கைதியாகும் என்று விதி. ஆனால் ‘தனிமை’ என்பது யாது? தாக்குபவன் கண்ணுக்கு அப்படை தனியே நிற்கிறது. காப்பவன் கண்ணுக்கோ துணை அருகிலேயே இருக்கிறது. எனவே அவர் சொல்லை விட்டு எண்ணைப் பற்றினார்: ஒரு நகர்வுத் தொலைவுக்குள் அப்படையின் பாதித் தொகையினரேனும் துணைக்கு இல்லையெனில் அது தனிமைப்பட்டது. வழக்கு அத்துடன் தீர்ந்தது.

டாங்கி ஆட்டத்திலும் சச்சரவு எழுவது இவ்வாறே. ஒரு டாங்கி சுவருக்குப் பின் மறைந்து நிற்கிறது. பீரங்கிக் குழல் மட்டும் வெளியே நீண்டிருக்கிறது. அது எதிரிக்குப் புலப்படுமா? புலப்படும் என்றால், நீண்ட குழலுடைய ஜெர்மானியப் பாந்தருக்குத் தண்டனை. குட்டைக் குழலுடைய அமெரிக்க ஷெர்மனுக்குச் சலுகை. ஆகவே பலர், குழல் டாங்கியின் பகுதியாகக் கொள்ளப்படாது என வகுக்கின்றனர். நன்று. ஆனால் தொலைவை அளக்கும்போது அதே குழலின் நுனியிலிருந்து கோலை வைப்பவரும் உண்டு! பார்வைக்கு இல்லாத குழல் அளவைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? இரண்டுக்கும் ஒரே விதி என்று எழுதிவைப்பதே முறை.

இன்னொன்று, முகப்பும் விலாவும். டைகர் டாங்கியின் உடல் முகப்புக் கவசம் 100 மில்லிமீட்டர். மேல்விலாக் கவசம் 80. குண்டு எப்பக்கம் பட்டது என்பதில் ஆட்டமே மாறிவிடலாம். முகப்பின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு நீட்டி, சுடுகின்ற டாங்கியின் சுழல்கோபுர நடு கோட்டுக்கு எப்பக்கம் உள்ளதோ அதையே கொள்வது எளிய வழி. சரிந்து நிற்கும் பகடையை மீண்டும் உருட்டுவது போன்ற சிறியனவற்றை ஒரே வரியில் முடித்துவிடலாம்.

எவ்விதி சிறந்தது என்பதைவிட, அது எப்போது வகுக்கப்பட்டது என்பதே பெரிது. ஆட்டம் தொடங்குமுன் எவர் டாங்கி சுவருக்குப் பின் நிற்கும் என யாருக்கும் தெரியாது. ஆதலின் நேர்மையாகப் பேசுகிறோம். பகடை கையில் ஏறியபின் நம் நாவு நம்மை அறியாமலே நம் பக்கம் சாய்கிறது. வஞ்சகர் மட்டுமல்லர், நல்லவரும் அவ்வாறே சாய்வர். நடுவில் புதுச் சிக்கல் எழுந்தால், வாதிடாமல் ஒரு பகடையால் அப்போதைக்குத் தீர்த்து, ஆட்டம் முடிந்தபின் ஆர அமரப் பேசி, அடுத்த முறைக்கென எழுதிக்கொள்வது அனுபவமுள்ள ஆட்டக்காரர் கையாளும் வழி.

நடுவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரிகளுக்கெனப் போர் விளையாட்டை 1824இல் செப்பனிட்ட ரைஸ்விட்ஸ், நடுவரையும் வைத்தார். இழப்புகளைக் கணிக்க விரிவான அட்டவணைகளையும் வைத்தார். 1876இல் வெர்டி து வெர்னுவா, அட்டவணைகளை விலக்கி நடுவரின் மதியையே நம்பலாம் என்றார். படைப்பள்ளிக்கு அது பொருந்தும். இல்லத்திலோ தந்தையே நடுவர், தந்தையே ஒரு பக்கத்துத் தளபதி! அவர் தீர்ப்பு நேரியதாகவே இருப்பினும், தோற்ற பிள்ளைக்கு அது நேரியதாகத் தோன்றுவதில்லை. தந்தை ஒன்று ஆடட்டும், அன்றேல் தீர்ப்பளிக்கட்டும்.

இனி, முதலில் ஒத்திவைத்த வினா. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், நகர்களை மக்களோடு அழிக்கும் போரைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமெனக் கண்டித்தது. வெல்ஸும் தம் நூலின் முடிவில், இச்சிறு போரைச் சிலமுறை ஆடினாலே பெரும்போர் எத்துணை அறிவற்றது என்பது விளங்கும் என்னும் பொருள்பட எழுதினார். மறு ஆண்டே ஐரோப்பா பெரும்போரில் இறங்கியது. ஆகவே விளையாட்டு போரைத் தடுத்துவிடும் என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆயினும் வீட்டு விதிகளில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். ஷெர்மனுக்குள் ஐந்து பேர் இருந்தனர். டாங்கி அழிந்ததும் அதைத் தூக்கிப் பெட்டியில் போட்டுவிடாமல், அந்த ஐவருக்கும் ஆளுக்கு ஒரு பகடை உருட்டட்டும்: எத்தனை பேர் வெளியேறினர், எத்தனை பேர் காயமுற்றனர், எத்தனை பேர் மீளவில்லை. தப்பியவரை எதிர்ப்பக்கத்தார் சுடலாகாது. கைதியாக்கினால் காவலுக்கு ஓர் அணியை ஒதுக்கவேண்டும். இதனால் ஆட்டம் கால்மணி நேரம் நீளும், சிறுவர் முணுமுணுப்பர். எழுதிவைத்த தாளை டாங்கிகளோடு அதே பெட்டியில் வைத்திருங்கள்.