மானும் மட்டன் பிரியாணியும்

என் அக்கா பையன் அட்லாண்டாவில் இருக்கிறான். போன மாதம் வீடியோ காலில் வந்தபோது முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பிரகாசம்.

''மாமா, கொல்லைப்பக்கம் மான் வருது! தினம் ஒரு வாளி மக்காச்சோளம் கொட்டறேன். முதல்ல ரெண்டு வந்துது. இப்போ பதினாலு!''

''குட்டி உண்டா?''

''ஒண்ணு இருக்கு. பாவம், கண்ணைச் சுத்தி மிளகு ஒட்டின மாதிரி என்னமோ இருக்கு.''

மிளகு இல்லை, உண்ணி!

அந்தப் பக்கத்தில் 'லோன் ஸ்டார்' என்று ஓர் உண்ணி ரொம்பப் பிரசித்தம். பெண் உண்ணிக்கு முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். குட்டியின் கண்ணைச் சுற்றிக் கொத்தாக மொய்த்தால் பார்வை போகும், சில சமயம் உயிரும் போகும். மனிதனைக் கடித்தால் வேறு கூத்து. சிலருக்கு அதன்பின் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல்கூட வரலாம்.

பயல் முகம் கறுத்துவிட்டது. மட்டன் பிரியாணிக்காக எண்பது மைல் கார் ஓட்டுகிற ஜாதி அவன்.

''மருந்து வைக்கலாமா மாமா?''

காட்டு மான் என்ன டோக்கன் வாங்கி வரிசையிலா நிற்கும்? மானுக்கு வைத்தியம் பார்க்க முடியாது. மண்ணுக்குத்தான் பார்க்க வேண்டும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் உங்களுக்குத் தெரியாததா? ஒரே அறையில் ஆறு பேர். ஒருத்தனுக்கு 'மெட்ராஸ் ஐ' வந்தால், மறுநாள் ஆறு பேரும் கறுப்புக் கண்ணாடி. மான் விஷயமும் அதேதான்.

மானின் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு உண்டு. அதன் முட்டை சாணத்தோடு விழும். குஞ்சுப் புழு பனி ஈரத்தில் புல் மேல் ஏறிக் காத்திருக்கும். மான் சாதாரணமாகக் கொழுந்து கொறிக்கிற பிராணி. கூட்டம் அதிகமாகிக் கொழுந்தெல்லாம் தீர்ந்தால், தரையோடு இருக்கிற புல்லுக்குக் குனிகிறது. மாட்டிக்கொள்கிறது!

அதனால்தான் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 1957-ல் தொடங்கிய வனவிலங்கு நோய் ஆய்வுக்குழு ஒரு தந்திரம் செய்கிறது. நாலைந்து மான்களின் நாலாவது இரைப்பையில் புழுக்களை எண்ணுகிறார்கள். சராசரி 1,500-ஐத் தாண்டினால் காட்டில் கூட்டம் ஜாஸ்தி, வேட்டை அனுமதியை அதிகமாக்கு என்று அர்த்தம். கொஞ்சம் புழு இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. மானுக்கும் அது பழக்கம்தான்.

சரி, உண்ணிக்கு? நெருப்பு!

பயப்படாதீர்கள். ஜார்ஜியா, ஃப்ளோரிடா பைன் காடுகளில் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, பகுதி பகுதியாக, தரைச்சருகை மட்டும் எரிக்கிறார்கள். செவ்விந்தியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததுதான். சருகு போனால் வெயில் தரையில் விழும், ஈரம் போகும், உண்ணி காய்ந்து சாகும். பல வருஷம் விடாமல் எரித்த இடங்களில் உண்ணி வெகுவாகக் குறைந்திருப்பதாக 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே ஒரு தடவை எரித்தால் பிரயோஜனம் இல்லை. புதுத்துளிர் தின்ன வருகிற மான், உண்ணியையும் கூடவே கூட்டிவந்துவிடும்.

''அப்ப நானும் கொல்லையில...''

''டேய், தீப்பெட்டியைத் தொட்டே, கொன்னுடுவேன்! அதுக்குப் பயிற்சி, அனுமதி, காத்துக் கணக்கு எல்லாம் இருக்கு. உன் வேலை சுலபம். வாளியைக் கவுத்து வை. புல்லை ஒட்ட வெட்டு. சருகை வாரு.''

ரெண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டான். முகத்தில் வாட்ஸ் கம்மி.

''சோளத்தை நிறுத்திட்டேன் மாமா. மூணு நாள் வந்து ஜன்னலையே பார்த்துண்டு நின்னுதுங்க. அப்புறம் வரவே இல்லை. அந்தக் குட்டி என்னாச்சோ?''

எனக்கும் பதில் தெரியவில்லை.

''பதினாலும் பதினாலு திசைக்குப் போயிருக்கும்டா. அதுதான் அதுங்களுக்கு நல்லது'' என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, ''சரி மாமா, பிரியாணிக்குக் கிளம்பறேன்'' என்றான்.

''போடா ராஜா. போறதுக்கு முன்னாடி கணுக்காலை ஒரு தடவை பார்த்துக்கோ!''