காத்திருப்போர் பட்டியலும் மூன்று நாள் கெடுவும்

மேலாண்மைப் படிப்புக்கான கேட் தேர்வை எழுதி, நேர்காணலையும் முடித்தவர்களுக்குக் கோடையில் மூன்றில் ஒரு பதில் வரும். இடம் உண்டு, இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் இத்தனாவது எண். முதல் இரண்டும் அன்றோடு முடிந்துவிடும். மூன்றாவது பதிலை வாங்கிய பிள்ளைக்கு ஜூலை வரை தூக்கம் இருக்காது. ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லவும் முடியாது. "கிடைச்சுதா, கிடைக்கலியா?" என்று கேட்பவருக்கு "இன்னும் தெரியல" என்ற பதில், கிடைக்கவில்லை என்றுதான் காதில் விழும். "கோட்டா இருந்துமா கிடைக்கல?" என்ற அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. ஐஐஎம்களில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் இடங்கள். அந்தச் சில இடங்களுக்கு நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் மோதுகிறார்கள். கேட் எழுதி, நேர்காணலுக்கு அழைக்கப்பட்டு, பட்டியல் வரை வந்த பிள்ளை தோற்ற பிள்ளை இல்லை.

ஒவ்வொரு பிரிவுக்கும் காத்திருப்புப் பட்டியல் தனி. பொதுப் பட்டியல் நகர்வதைப் பார்த்து நம் பிள்ளைகள் மனக்கணக்குப் போடுவது வீண். இரண்டு மூன்று இடங்களில் தேர்வான ஒருவர் ஒன்றை விடும்போதுதான் நம் எண் நகரும். சென்ற ஆண்டு எந்த எண் வரை அழைத்தோம் என்பதைச் சில நிறுவனங்கள் வெளியிடுகின்றன. வெளியிடாத இடத்தில் பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆள் ஆளுக்குச் சொல்லும் ஆரூடத்தைவிட அது மேல்.

ஆனால் பட்டியல் நகராமல் போவதைவிட, அது நகரும் நாளை நினைத்துத்தான் எனக்குப் பயம். மின்னஞ்சல் வரும். சில நாள்களுக்குள் சேர்க்கையை உறுதி செய்து முன்பணம் கட்ட வேண்டும். கெடு தவறினால் இடம் அடுத்த எண்ணுக்குப் போய்விடும். பல இடங்களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தொடுகிறது. முன்பணமே கூலி வீட்டின் பல மாத வருமானம்.

2024இல் என்ன நடந்தது என்று பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவருக்குத் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. தந்தை கூலித் தொழிலாளி. ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். பணம் புரட்டி முடிக்கும்போது இணையதளம் மூடிவிட்டது. பிள்ளை ஆணையத்துக்குப் போனார், சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனார், சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார். கடைசியில் செப்டம்பர் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி இடம் கொடுக்கச் சொன்னது. 2021இலும் இதேபோல் கட்டணம் கட்ட முடியாமல் போன ஒரு தலித் மாணவருக்கு மும்பை ஐஐடியில் உச்ச நீதிமன்றம்தான் இடம் வாங்கித் தந்தது. இந்த இருவரும் டெல்லி வரை போனார்கள். போக முடியாமல் ஊரிலேயே அடங்கிப்போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

உதவித்தொகை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் ஐஐஎம்களும் உண்டு; குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். ஆனால் அந்தப் பணம் சேர்ந்த பிறகு வருவது. முன்பணமோ சேர்வதற்கு முன்பே கேட்பது. இந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களிடம் உதவித்தொகை வரும்வரை முன்பணம் கேட்கக் கூடாது என்று ஒன்றிய அரசு விதி செய்ய வேண்டும். அதுவரை சேர்க்கைக் கடிதத்தைக் காட்டினால் இரண்டே நாளில் முன்பணத்தைக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தாட்கோ மாவட்டம்தோறும் செய்யட்டும். உதவித்தொகை வந்ததும் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

விதி மாறும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பட்டியலில் எண் வந்த வாரமே சாதிச் சான்று, வருமானச் சான்று, மாணவர் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றும் தயாராக வேண்டும். மின்னஞ்சல் வந்த பிறகு இ-சேவை மையத்தில் வரிசை நின்றால் கெடு போய்விடும். தரவரிசையில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் சேர்பவருக்குப் பிணையில்லாமல் கடன் தரும் பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. நிலப் பத்திரம் கொண்டு வா என்று வங்கியில் சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பட்டியல் நகராமலே மூடினால்? அந்த எண் அடுத்த ஆண்டுக்கு வராது. கேட் மதிப்பெண்ணும் ஓராண்டுக்குத்தான். புதிதாகத் தொடங்க வேண்டும். எத்தனை முறை எழுதலாம் என்ற வரம்போ வயது வரம்போ இல்லை என்பது ஒரு ஆறுதல்.

1917இல் லண்டனில் படித்துக்கொண்டிருந்த அம்பேத்கர், பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் பாதியில் ஊர் திரும்பினார். நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதியைக் கையோடு வாங்கிவந்தார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேமித்து, நண்பரிடம் கடன் வாங்கி, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் பெற்று, 1920இல் மீண்டும் கப்பல் ஏறினார். முனைவர் ஆய்வேட்டையும் ஒருமுறை திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்திக் கொடுத்து 1923இல் பட்டம் வாங்கினார். அவர் படத்துக்கு மாலை போடுகிற நாம், இந்த ஆறு ஆண்டுகளைப் பிள்ளைகளிடம் போதுமான அளவு சொல்வதில்லை.

மீண்டும் விண்ணப்பிப்பவர் முதலில் தன் மதிப்பெண் எங்கே குறைந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கேட், நேர்காணல், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு, வேலை அனுபவம் என்று எதற்கு எவ்வளவு என்பதைப் பல நிறுவனங்கள் சேர்க்கை விதியிலேயே சொல்லிவிடுகின்றன. பள்ளி மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. அதற்காக அழுவதில் பயனில்லை. கேட், நேர்காணல், வேலை மூன்றும் நம் கையில். ஆகவே ஓராண்டைப் பயிற்சி மையத்துக்கே எழுதிக் கொடுக்காமல் ஏதாவது வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது நல்லது. இடைவெளி ஏன் என்ற கேள்விக்கும் பதிலாகும். வீட்டுக்கும் பணம் வரும். ஆங்கிலப் பகுதியில் திணறுகிறவர்கள் தினம் இரண்டு தலையங்கம் படிக்கட்டும். கணக்கில் காட்டும் வீரத்தை அங்கே காட்டுவதில்லை நம் பிள்ளைகள்.

நேர்காணலில் ஆங்கிலம் தடுமாறுவது பெரிய குற்றமில்லை. சொல்ல விஷயம் இல்லாததுதான் சிக்கல். நம்மிடம் விஷயம் உண்டு. பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு முந்திரி தெரியும். ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை ஏன் இறக்குமதியாகிறது, உடைக்கும் அம்மாவுக்கு என்ன கூலி, கடையில் என்ன விலை என்று தேர்வுக் குழுவின் முன் ஐந்து நிமிடம் பேசினால் அதுதான் மேலாண்மை. நாற்காலிக்கு அந்தப் பக்கம் நம்மவர்கள் மிகக் குறைவு. ஆசிரியர் பணியில் இடஒதுக்கீட்டை உறுதி செய்யும் சட்டம் 2019இல்தான் வந்தது. அதனாலேயே நம் வாழ்க்கையை நாமே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு ஓராண்டு என்றால் வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு தொடங்கிவிடும். பெற்றோரே, அந்த ஓராண்டை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுங்கள்.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பரில் முடியும். தேர்வு நவம்பர் கடைசியில். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கட்டணம் பாதி. பட்டப்படிப்பில் 45 சதவீதம் போதும். சாதிச் சான்றை விண்ணப்பிக்கும்போதே பதிவேற்ற வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். திருச்சி என்ஐடி போன்ற இடங்களிலும் கேட் மதிப்பெண் செல்லும். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட்டையும் சேர்த்து எழுதி வையுங்கள்.