வியர்வையும் உப்பும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர் நம் முன்னோர். பண்டத்துக்கு மட்டுமன்று, உடலுக்கும் உப்பு இன்றியமையாதது என்பதை விளையாட்டில் ஈடுபடும் மாணவர் பலர் நினைப்பதில்லை. அதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

மறைமலைநகரில் மாலைப்பொழுதில் வீசும் கடற்காற்று ஈரம் மிக்கது. ஆதலின் வியர்வை எளிதில் உலராது வடிந்துகொண்டேயிருக்கும். பயிற்சி முடித்த வீரரின் பனியனில் வெண்கோடுகள் படிந்திருத்தலை யாவரும் கண்டிருப்பர். செய்யூர் உப்பளங்களில் கடல்நீர் வற்ற உப்பு எஞ்சுதல் போன்றதே இதுவும்.

ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய 1 கிராம் சோடியம், அஃதாவது 2.5 கிராம் உப்பு, நீங்குகின்றது. இவ்வளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். கடும் பயிற்சியில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்த்தல் அரிதன்று. ஆகவே இரண்டு மணி நேரத்தில் 5 கிராம் உப்பு போய்விடும். உலக சுகாதார நிறுவனம் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு விதித்துள்ள மேல்வரம்பும் இவ்வளவேயன்றோ!

இங்கே மாணவரிடை இருவகைப் பிழைகள் காண்கின்றோம். உப்பே தீது என்று முற்றும் விலக்குவார் ஒரு சாரார். இயன்றமட்டும் தண்ணீர் குடித்தலே நலம் என்பார் மற்றொரு சாரார். பின்னதன் தீமையைப் பாஸ்டன் நகரம் காட்டிற்று. அங்கே 2002ஆம் ஆண்டு மாரத்தான் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூவர்க்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மிஞ்சிய நீரே அதற்குத் தலையாய காரணம். இக்குறை முற்றினால் மயக்கமும் வலிப்பும் உண்டாகும். உயிருக்கே இறுதியாதலும் உண்டு.

ஆயின் உப்பை அள்ளி விழுங்குக என்கின்றோமல்லோம். ஒரு மணிக்குட்பட்ட பயிற்சிக்கு நாம் அன்றாடம் உண்ணும் உணவின் உப்பே போதும். நெடும்பயிற்சி செய்வோர் முன்னும் பின்னும் தம் எடையை நிறுத்தறிதல் வேண்டும். குறைந்த ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வையாகும். எடை கூடியிருப்பின் குடித்தது மிகையென்று உணர்க. புதிதாகச் சேர்ந்தோர் முதல் இரு வாரம் மெல்லப் பழகுக; அதற்குள் உடல் உப்பைச் சேமிக்கக் கற்றுக்கொள்ளும். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உடையார் மருத்துவரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

எனவே எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. கல்லூரி மைதானத்தில் தண்ணீர்ப் பானைக்கு அருகே ஒரு நீர்மோர்ப் பானையும், ஓர் எடைக் கருவியும் வைத்தல் வேண்டும். லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்பு போதுமானது. விலையுயர்ந்த புட்டிப் பானங்களை நாடவேண்டுவதில்லை. செலவோ சிறிது, பயனோ பெரிது. வேடிக்கை பார்க்க வரும் எம்போன்றோர் மட்டும் அம்மோர்ப் பானையை அணுகாதிருப்பாராக!