கூலியில்லாத கோர்ட் வேலை

ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில், 2002 முதல் சர்வதேச கிரிமினல் கோர்ட் நடக்கிறது. பதினைந்து வயது நிரம்பாத காங்கோச் சிறுவர்களைப் படையில் சேர்த்துப் போருக்கு அனுப்பிய லுபாங்காவுக்கு 2012-ல் 14 ஆண்டுச் சிறை விதித்தது. நல்ல காரியம், நாம் குறை கூறவில்லை.

ஆனால் அங்கே பிராசிக்யூட்டர் ஆபீசில் வேலை பழக வரும் இளைஞர்களின் கதை என்ன? சாட்சியங்களைப் படிக்கிறார்கள், சட்டம் தேடுகிறார்கள், குறிப்பெழுதுகிறார்கள். மூன்று மாதம், ஆறு மாதம். கோர்ட்டின் பட்ஜெட்டிலிருந்து கூலி கிடையாது! ஏழை நாட்டாருக்கென்று நன்கொடை நிதி ஒன்று உண்டு. அது சிலருக்கே எட்டுகிறது. "தொழில் கற்றுத் தருகிறோமே, கூலி எதற்கு?" மில் முதலாளியின் வாயில் நாம் கேட்ட அதே பேச்சு.

ஹேக்கில் வாடகை கட்டி ஆறு மாதம் சும்மா உழைக்க யாரால் முடியும்? காங்கோக் கூலிக்காரன் மகளாலா? தகப்பன் பணத்தில் வந்தவன்தான் தங்குவான். நாளை நிரந்தர வேலைக்கு "அனுபவம் உண்டா?" என்று கேட்டால், அவனே முந்துவான். குற்றம் நடந்த கிராமத்தின் பாஷை தெரிந்தவளோ வாசலுக்கு வெளியே!

உறுப்பு நாடுகள் கட்டும் சந்தாவில்தானே நீதிபதிக்கும் பிராசிக்யூட்டருக்கும் சம்பளம் போகிறது? அதே பட்ஜெட்டில் இவர்களுக்கும் ஒரு வரி எழுதட்டும்.