நுளம்பும் செனட் சபையும்

வாஷிங்டன் நகரிலே, அமெரிக்கச் செனட் சபையின் அலுவலகமொன்றில், டிம் ரீசர் என்னும் உத்தியோகத்தர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிந்தார். அவர் மக்களால் தெரிவு செய்யப்பட்டவரல்லர். வெர்மொண்ட் மாநிலத்துச் செனட்டராயிருந்த பாட்ரிக் லேஹியின் உதவியாளர். வெளிநாட்டு உதவிக்குரிய ஒதுக்கீட்டு மசோதா வரிவரியாக உருப்பெறும் மேசையே அவருடைய களம். போரில் அவயவம் இழந்தோர்க்குச் செயற்கைக் கால் வழங்க 1989இல் ஏற்பட்ட நிதி, மனித உரிமைகளைக் கொடூரமாக மீறிய படைப்பிரிவுகளுக்கு உதவி மறுக்கும் 1997ஆம் ஆண்டின் ஏற்பாடு, அமெரிக்கப் படை வியட்நாமில் விட்டுச் சென்ற டயொக்சின் நஞ்சை டா நாங் மண்ணிலிருந்து அகற்றிய வேலை ஆகியவற்றிலெல்லாம் அவருடைய உழைப்பு உண்டு. முதலிரண்டும் லேஹியின் பெயரையே தாங்கின. உதவியாளனின் பெயர் சட்டத்தில் ஏறுவதில்லை.

இத்தகைய வாழ்க்கைகளை மாணவர்க்கு எடுத்துக்காட்டி, ‘அறிவும் நல்ல மனமும் இருந்தாற் போதும், கட்சியும் போராட்டமும் எதற்கு? கோப்புகளைக் கொண்டே உலகுக்குத் தொண்டு செய்யலாம்’ என்று உபதேசிப்போர் நம்மிடையே பெருகியுள்ளனர். மறுபுறத்தில், நம் தோழர்கள் சிலர், வாஷிங்டனிலிருந்து வருவன யாவும் சதியே என்று கூறிக் கைகழுவி விடுகின்றனர். இரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணிவெடியில் காலிழந்தவனிடம் சென்று, உனக்குப் பொருத்திய கால் ஏகாதிபத்தியத்தின் கால் என்று சொல்ல நமக்கு நா எழாது. அந்த மேசையில் மனச்சாட்சியுள்ள ஒருவர் இருந்தது நன்றே.

ஆனால் அந்த நன்மை எதன்மேல் நின்றது? நமது வாவிக்கரையின் பழைய பகையான மலேரியாவையே எடுத்துக்கொள்வோம். 1950களின் பிற்பகுதியில் உலக மலேரியா ஒழிப்புக்கென அமெரிக்கக் காங்கிரஸ் பெருந்தொகை ஒதுக்கிற்று. கம்யூனிசத்தைத் தடுக்கும் கருவிகளுள் டி.டி.டி.யும் ஒன்றென அங்கே வாதிக்கப்பட்டது. 1963இல் அந்தச் சிறப்பு ஒதுக்கீடு முடிவுற்றது. அதே ஆண்டில் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். நோய் ஒழிந்தது என்று நம்பி நமது அரசும் மருந்தடிப்பதை நிறுத்திற்று; கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. இதற்கு அமெரிக்கா மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அன்று பெய்யாத மழைக்கும், வற்றிய ஆறுகளில் தேங்கிய குட்டைகளுக்கும், கொழும்பின் மெத்தனத்துக்கும் அதிற் பங்குண்டு. ஆயினும் படுவான்கரையில் நடுங்கிக் கிடந்த வேளாண்மைக்காரனின் நோய்க்கு இன்னொரு நாட்டின் நிதியாண்டா எல்லை வகுப்பது?

2016 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. யுத்தத்தின் நடுவிலும் இரத்தம் சோதித்து, நுளம்புவலை கொண்டுசென்ற கீழ்மட்ட ஊழியர்களின் வெற்றி அது. வெளிநாட்டு நிதியும் துணைநின்றது. மறுக்கவில்லை. ஆனால் 2023 ஜனவரியில் லேஹி ஓய்வு பெற்றார். 2025 ஜனவரி 20ஆம் நாள் புதிய ஜனாதிபதி பதவியேற்ற அன்றே உலக சுகாதார ஸ்தாபனத்திலிருந்து விலகும் ஆணையில் ஒப்பமிட்டார். வெளிநாட்டு உதவியை வழங்கிவந்த யு.எஸ்.எயிட் நிறுவனம் அவ்வாண்டு ஜூலை முதலாம் நாளோடு மூடப்பட்டது. ஒரு நல்ல உதவியாளன் முப்பது ஆண்டுகள் எழுதிச் சேர்த்ததை இன்னொரு பேனா ஆறு மாதத்தில் அடித்து விட்டது. தடுக்க நமக்கு ஒரு வாக்கேனும் இருந்ததா?

வாக்கு இருந்த இடத்தில் நடந்ததைப் பாருங்கள். 1931இல் இந்நாட்டில் ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்றனர். 1934–35இல் மலேரியா எண்பதினாயிரம் உயிர்களுக்குக் குறையாமற் கொண்டுபோயிற்று. அப்பொழுது கிராமங்களுக்குள் மருந்தோடு சென்றவர்களுள், அரசாங்க சபை உறுப்பினராயிருந்த வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க ஒருவர், சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் அவரோடு நின்றனர். அவர்கள் கண்ட பசியும் காய்ச்சலும் சபையிலே கேள்விகளாயின. நமது இலவச வைத்தியசாலைகள் எவருடைய தயவிலும் முளைத்தவையல்ல.

இன்று மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஐந்து ஆசனங்கள். உறுப்பினர்க்கு அரசு செலவில் உதவியாளரும் உண்டு. அவ்விடங்களில் உறவினரும் தேர்தலில் சுவரொட்டி ஒட்டியவரும் அமரும் வழக்கத்தை நாடறியும். கோப்புப் படிக்கத் தெரிந்தவரோ 2017இல் காந்தி பூங்காவில் மாதக்கணக்காக அமர்ந்து வேலை கேட்டனர்! வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பிள்ளைக்கு ஆசிரியர் நியமனம் அல்லது அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவி என்ற இரு வாசல்களையே நாமும் காட்டுகிறோம். வரவு செலவுத் திட்டத்தின் அடிக்குறிப்பைப் படித்து, உறுப்பினர் கையிற் கேள்வி எழுதிக் கொடுக்கும் வேலையும் ஒரு மக்கள் பணிதான் என்று எந்த வகுப்பில் சொல்லியிருக்கிறோம்? இது நமது குற்றமும் ஆகும்.

மாரி தொடங்கி வட்டைகளில் நீர் ஏறும்போது மெலியோய்டோசிஸ் என்னும் நோய் இம்மாவட்டத்தில் தலைகாட்டுகிறது. சேற்றிலே வாழும் ஒரு பக்டீரியா, வெறுங்காலோடு வரம்பில் நிற்பவனைப் பற்றுகிறது. நீரிழிவு உள்ளவனுக்குக் கூற்றமாகிறது. காசநோய் போலவும் வேறு காய்ச்சல் போலவும் மயக்குவதால், இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினாலன்றி அகப்படாது. பல நாள் ஊசி, பின் சில மாத மாத்திரை. இந்நோய்க்காக வாஷிங்டனில் எவரும் வரி எழுதப் போவதில்லை. அங்கே இதனால் எவரது வாக்கும் மாறாது.

ஆகவே அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னரே, நமது ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் ஐந்து உறுப்பினரிடமும் எழுத்திலே கேட்க வேண்டும்: மாவட்ட வைத்தியசாலைகளின் இரத்தச் சோதனைக்கு எத்தனை ரூபா? கமக்காரரிடையே இந்நோய் பற்றிப் பேசுவதற்கு எத்தனை ஊழியர்? உமது ஆராய்ச்சி உதவியாளர் யார், அவர் எதைப் படித்தவர்? பதில்களை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் சந்திக்குச் சந்தி ஒட்டி வைப்போம். பதில் வராத இடத்தில் வெற்றுத் தாளையே ஒட்டுவோம்.