வீடு தந்தீர், வாழ்வு எங்கே?

போருக்குப் பின் வன்னியில் எத்தனை வீடுகள் கட்டப்பட்டன என்று கேட்டால் அதிகாரிகளிடம் உடனே விடை கிடைக்கும். அவ்வீடுகளில் வாழ்வோர் எங்கே உழைக்கின்றனர், உழைக்கும் இடத்துக்கும் உறங்கும் இடத்துக்கும் இடையே எத்தனை மைல், சுவர் எழுப்ப அடகு வைத்த நகை மீண்டதா என்று கேளுங்கள், ஏடுகள் மூடிக்கொள்ளும். கூரைகளை எண்ணுவதே திட்டமிடல் என்னும் இந்த மனப்பான்மையை நாம் எதிர்த்தாக வேண்டும்.

முள்ளியவளையை எடுத்துக்கொள்வோம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் அமைந்த இவ்வூரும் அதனை ஒட்டிய தண்ணீரூற்றும் இன்று வெறுங் கிராமங்கள் அல்ல. ஒருபுறம் வயலும் குளமும், மறுபுறம் நந்திக்கடல், அப்பால் முல்லைத்தீவுக் கரை. மாஞ்சோலையில் மாவட்ட வைத்தியசாலை. உழவரும் மீனவரும் கூலியாளரும் ஆசிரியரும் நாடிவரும் இடம் இது. இத்தகைய ஊர் திட்டமின்றி வளர்ந்தால் வீதியோரக் காணி பணம் படைத்தோர் கைக்குப் போகும்; உழைப்போர் காட்டோரத்துக்குத் தள்ளப்படுவர். இது இயற்கையின் நியதி அன்று.

வீட்டைத் தொழிலிலிருந்து பிரித்தால் என்ன நேரும் என்பதற்கு அருகிலுள்ள கேப்பாப்புலவே சாட்சி. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது அவ்வூர் மக்கள் தம் ஊருக்குச் செல்லவில்லை. அவர்களுடைய காணியில் இராணுவம் இருந்தது. மாதிரிக் கிராமம் ஒன்றில் குடியேற்றப்பட்டனர். நந்திக்கடலில் வலை வீசியவனும், சொந்த நிலத்தில் பயிரிட்டு மாடு வளர்த்தவளும் சிறு துண்டுக் காணியில் முடங்கினர். வீடு வந்தது, தொழில் போயிற்று. 2017 ஜனவரி 31 இல் பிலக்குடியிருப்பு மக்கள் வீதியில் அமர்ந்தனர். ஒரு மாதத்தில் தம் காணியை மீட்டனர். மார்ச்சில் கேப்பாப்புலவு மக்கள் தொடங்கிய போராட்டத்தால் அவ்வாண்டு டிசெம்பரில் 133 ஏக்கர் விடுபட்டது. கூரை வேண்டாம் என்றா அவர்கள் போராடினர்? கூரை மட்டும் போதாது என்றே போராடினர்.

இனிப் பணத்தின் கதை. 2010 இல் இந்தியா அறிவித்த 50,000 வீடுகளுள் 46,000 வடக்குக் கிழக்குக்கு உரியவை. புதிய வீடொன்றுக்கு 5½ இலட்சம் ரூபா மானியம். பயனாளியே கட்டுவது முறை. முறை நல்லதுதான். ஆனால் சீமெந்தும் மணலும் கூலியும் மானியத்தைக் காத்திருக்கவில்லை. குறை பணத்துக்குக் கடன் வாங்கிய குடும்பங்கள் பல. நுண்கடன் நெருக்கடி முற்றி, 2018 இல் வரட்சி மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறுகடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. இதற்கிடையே, 65,000 இரும்பு வீடுகளை ஒரு பன்னாட்டு நிறுவனத்திடம் வாங்கும் திட்டம் எழுந்தது! ஒன்றின் விலை சுமார் 21 இலட்சம். அதே காலத்தில் கல்வீட்டுக்கான மானியம் 8 இலட்சம். உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் கிடைக்க வேண்டிய கூலி யாருடைய இலாபமாகப் போக இருந்தது? எதிர்ப்பெழுந்த பின்னரே அத்திட்டம் சுருங்கியது.

காணிச் சட்டமும் குற்றவாளியே. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட குடியேற்றக் காணிகள் துண்டாடப்படாதிருக்கும் பொருட்டுப் பெரும்பாலும் ஒரே வாரிசைச் சேர்ந்தன. வாரிசு வரிசையில் ஆண்மக்களுக்கே முதலிடம். 2022 இல் வந்த திருத்தம் பெண்களுக்கு இழைத்த அநீதியை நீக்கியது. ஏனைய பிள்ளைகளின் காணியின்மையை நீக்கவில்லை. 1990 இல் புலிகளால் துரத்தப்பட்டுப் போருக்குப் பின் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களுக்கும் காணி வேண்டும். காணியற்ற தமிழ்க் குடும்பங்களுக்கும் வேண்டும். திட்டம் இல்லாத இடத்தில் இவ்விரு ஏழைகளும் ஒரே காட்டுத் துண்டுக்கு மோத விடப்படுகின்றனர். இந்த மோதலில் இலாபம் காண்பவன் ஏழை அல்லன்.

"ஏழை நாட்டில் இவ்வளவும் நடக்குமா?" என்று கேட்போர் உண்டு. முதலாம் உலகப் போரில் தோற்றுப் பசியில் வாடிய வியன்னா நகரம் 1923 இல் வீட்டு வரி விதித்தது. மாளிகைக்குக் கனத்த வரி, தொழிலாளி வீட்டுக்கு மெல்லிய வரி. 1934 க்குள் 60,000 க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன; அவற்றோடு நூலகமும் சிறுவர் பள்ளியும் எழுந்தன. செல்வம் அன்று, தெளிவும் துணிவுமே அங்கு முதலாயின.

கரைத்துறைப்பற்றுக்கும் நாம் கேட்பது இதுவே. அரசும் இராணுவமும் வனத் திணைக்களமும் வைத்திருக்கும் காணிகளின் கணக்கு மக்கள்முன் வைக்கப்படட்டும். வயலுக்கும் கடலுக்கும் கடைத்தெருவுக்கும் எட்டும் தூரத்தில் அடுத்த தலைமுறைக்குக் குடியிருப்புக் காணி ஒதுக்கப்படட்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதப்படட்டும். கட்டும் வேலை உள்ளூர்க் கூட்டுறவுகளுக்குப் போகட்டும். தொழிற்சாலை வரும் இடமும் பேருந்து ஓடும் நேரமும் வீட்டுத் திட்டத்தோடு சேர்த்தே தீர்மானிக்கப்படட்டும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! இக்கணக்கை அதிகாரி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் காணியற்றோர் எத்தனை பேர், வேலைக்கு எத்தனை மைல் செல்கின்றனர், வீட்டுக்காக எவ்வளவு கடன்பட்டனர் என்று வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதுங்கள். கூரைகளின் கணக்கை வைத்திருப்போர்முன் மனிதர்களின் கணக்கை வையுங்கள். அதற்கு அவர்கள் விடை சொல்லியே ஆகவேண்டும்.