வழியில் ஒரு பழைய சர்வர்

'தமிழ்' என்று மூன்றே எழுத்தில் ஒரு இ-மெயில் எழுதி அனுப்பினால், அது பெரும்பாலும் தமிழாகப் பயணம் செய்வதில்லை. யூனிகோடில் அந்தச் சொல்லுக்கு ஐந்து குறியீடுகள். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் மொத்தம் 15 பைட். அனுப்பும் புரோகிராம் அந்த 15 பைட்டையும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த 20 குறிகளாக மாற்றி மூட்டை கட்டுகிறது. வேறொரு முறையில் கட்டினால் 45 குறிகள். மறுமுனையில் உள்ள கம்ப்யூட்டர் மூட்டையை அவிழ்த்து மறுபடியும் 'தமிழ்' என்று காட்டுகிறது. இடையில் போட்ட வேஷம் எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது.

இந்த வேஷத்துக்குக் காரணம் 1982. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகள் வெளிவந்தன. இன்றும் உலகின் இ-மெயில் ஓடுவது அந்த அஸ்திவாரத்தின் மேல்தான். ஒரு குறிக்கு ஏழு பிட், ஆக மொத்தம் 128 குறிகள், வரி ஒன்றுக்கு 1,000 குறிகளுக்கு மேல் கூடாது என்பது கணக்கு. ஆங்கிலத்துக்கு இது தாராளம். எட்டாவது பிட்டைப் பூஜ்யமாக்கி அனுப்ப வேண்டும் என்பதே விதி என்பதால், வழியில் இருந்த பல சர்வர்கள் அதை வெட்டி எறிந்தன. 1990களில் புழங்கிய டிஸ்கி போன்ற 8-பிட் குறியீட்டு முறைகளில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருந்தது 128க்கு மேற்பட்ட பாதியில். எட்டாவது பிட் போனால் தமிழும் போயிற்று. திரையில் மிஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும். பிழை நேர்ந்ததாக அனுப்பியவருக்குத் தகவல் கூட வராது.

கோளாறு எழுத்தோடு நிற்கவில்லை. அன்று உலகில் ஒரே மெயில் அமைப்பு இருக்கவில்லை. பெல் லேப்ஸில் பிறந்த யூயூசிபி ஒரு பக்கம், ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களை இணைத்த பிட்நெட் ஒரு பக்கம், அரசுகளும் தொலைத்தொடர்புத் துறைகளும் விரும்பிய எக்ஸ்.400 இன்னொரு பக்கம். இந்தியாவின் தொடக்கமும் இந்தக் கூட்டத்தில்தான். 1986ல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், ஐந்து ஐ.ஐ.டி.க்கள், டில்லியில் மின்னணுத் துறை என எட்டு நிறுவனங்கள் சேர்ந்தன. முதல் மெயில்கள் சாதாரணத் தொலைபேசி லைனில், மோடம் வழியாக, யூயூசிபி முறையில் பம்பாய்க்குள்ளேயே போய் வந்தன. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15ல், விதேஷ் சஞ்சார் நிகாம் மூலமாக.

யூயூசிபி முகவரியில் ஆளின் பெயர் மட்டும் போதாது. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எந்தக் கம்ப்யூட்டருக்குத் தாவி, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று வழி முழுவதையும், இடையிடையே ஆச்சரியக்குறி போட்டு, அனுப்புகிறவரே எழுத வேண்டும். ஊர் பேரோடு எந்தெந்த ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டும் என்றும் உறையின் மேல் எழுதச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. இன்டர்நெட் முகவரியிலோ '@' குறிக்குப் பின்னால் சேர வேண்டிய இடம் மட்டும்தான். இரண்டும் ஒரே முகவரியில் கலந்து வந்தபோது குழப்பம். பழைய சர்வர் ஆச்சரியக்குறியை முதலில் பார்த்து ஒரு திசையில் அனுப்பும். புதிய சர்வர் '@' குறியை முதலில் பார்த்து வேறு திசையில் அனுப்பும். முகவரி ஒன்று, போய்ச் சேரும் இடம் இரண்டு.

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த எரிக் ஆல்மன். அவர் எழுதிய சென்ட்மெயில் புரோகிராம், வரும் முகவரியை விதிகளின்படி பிரித்து, அடுத்த வலைக்குப் புரியும் வடிவத்தில் திருப்பி எழுதியது. 1986ல் இன்னொரு ஏற்பாடும் வந்தது. எந்த நிறுவனத்துக்கான மெயிலை எந்த சர்வரில் கொடுக்க வேண்டும் என்று டி.என்.எஸ். பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு எண். சிறிய எண் உள்ளதை முதலில் தட்ட வேண்டும், திறக்காவிட்டால் அடுத்தது. வழி தெரிந்திருக்க வேண்டிய பாரம் அனுப்புகிறவர் தலையிலிருந்து இறங்கியது.

வடிவ மாற்றத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. எக்ஸ்.400 முகவரியில் நாடு, சேவை நிறுவனம், அலுவலகம், குடும்பப் பெயர் என்று தனித்தனிக் கட்டங்கள். அதை இன்டர்நெட் மெயிலாக மாற்றும் விதிகளை பிரிட்டனின் ஸ்டீவ் கில் 1986லிருந்து எழுதித் திருத்தி வந்தார். ஒரு பக்கம் இருக்கும் வசதி மறுபக்கம் இருக்காது. அதை என்ன செய்வது? எக்ஸ்.400 இதற்குக் கண்ணியமான ஒரு விடை வைத்திருந்தது. 'மாற்றும்போது எதுவும் இழக்க நேர்ந்தால் மாற்றாதே' என்று அனுப்புகிறவரே குறித்துவிடலாம். அப்போது இடைவழி சர்வர் கடிதத்தைக் குறைத்துக் கொடுக்காமல் காரணம் சொல்லித் திருப்பியாக வேண்டும். மெயில் உலகில் எக்ஸ்.400 தோற்றுப்போனது. விமானப் போக்குவரத்துத் துறையின் செய்திப் பரிமாற்றம் போன்ற சில இடங்களில்தான் இன்று அது உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்தக் கொள்கை தோற்கவில்லை.

1992 ஜூனில் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வெளியிட்ட மைம் விதிகள் பழைய சர்வர்களோடு சண்டை போடவில்லை. அவை எதைத் தொடாமல் விடுமோ அந்த எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்து, தமிழோ படமோ பாட்டோ எல்லாவற்றையும் அவற்றால் மூட்டை கட்டச் சொன்னது மைம். சுமை மூன்றில் ஒரு பங்கு கூடும், ஆனால் சரக்கு சேதமில்லாமல் சேரும். மறு ஆண்டு, 1993ல், சர்வர்கள் சந்திக்கும்போது சொல்லும் வணக்கமும் மாறியது. பழைய 'ஹெலோ'வுக்குப் பதிலாக 'ஈஹெலோ' என்று சொன்னால் எதிர் சர்வர் தனக்குத் தெரிந்த வித்தைகளைப் பட்டியல் போடும். பழைய சர்வர் 'புரியவில்லை' என்று சொன்னால், வந்தவர் பழைய வணக்கத்தையே சொல்லி வேலையை முடித்துக்கொள்வார். பழையதும் புதியதும் ஒன்றாக வாழ இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது.

கடிதத்தின் உள்ளடக்கத்தில் தமிழ் வென்றது இப்படித்தான். உறையின் மேல் இருக்கும் முகவரியில்தான் இழுபறி.

'@' குறிக்கு வலப்பக்கம் பிரச்சினை பாதி தீர்ந்துவிட்டது. தமிழ் டொமைன் பெயரை ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றும் முறை 2003லேயே வந்தது. இந்தியாவின் ஏழு மொழிகளில் டொமைன் முடிவுகளுக்கு 2011ல் ஐகான் அமைப்பு ஒப்புதல் தந்தது. அவற்றில் '.இந்தியா'வும் ஒன்று. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் தமிழ் முடிவுகள் உண்டு. இடப்பக்கம், அதாவது ஆளின் பெயர், வேறு கதை. அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று தீர்மானிக்கும் உரிமை சேரிட சர்வருக்கு மட்டுமே. வழியில் இருப்பவர்கள் அதில் கை வைக்கக் கூடாது. ஆகவே அதை மூட்டை கட்டவும் முடியாது.

ஆனாலும் முயன்று பார்த்தார்கள். தமிழ் முகவரியோடு ஒரு ஆங்கில முகவரியையும் துணைக்கு அனுப்புவது, வழியில் பழைய சர்வர் வந்தால் ஆங்கில முகவரிக்கு மாற்றிக்கொள்வது என்று 2008, 2009ல் பரிசோதனை விதிகள் வந்தன. சிக்கல் கூடியதே தவிரக் குறையவில்லை. 2012 பிப்ரவரியில் வெளியான இறுதி விதிகளில் இந்த இடைவழி மாற்றத்தைக் கைவிட்டார்கள். இப்போது விதி ஒன்றுதான்: அடுத்த சர்வர் தன் பட்டியலில் 'எஸ்.எம்.டி.பி. யூ.டி.எஃப்-8' என்று சொன்னால் தமிழ் முகவரிக் கடிதத்தைக் கொடு. சொல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பு.

இந்த முடிவு கறாரானது, ஆனால் நேர்மையானது. பெயரைச் சிதைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிடச் சேரவில்லை என்று சொல்வது மேல். ஆனால் இதன் விலையைக் கொடுப்பவர் தமிழ் முகவரி வைத்திருப்பவர்தான். ஜிமெயில் 2014லும் போஸ்ட்ஃபிக்ஸ் 2015லும் தயாராகிவிட்டன. அதனால் பயனில்லை. பத்து சர்வர் புதிதாக இருந்து, வாசலில் நிற்கும் ஸ்பாம் வடிகட்டி ஒன்று பழையதாக இருந்தால் கடிதம் திரும்பிவிடும். அதற்கும் முன்னால், பல விண்ணப்பப் படிவங்கள் 'முகவரி தவறு' என்று சிவப்பில் எழுதிக் காட்டிவிடுகின்றன.

ஆங்கில முகவரி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமாகத் தோன்றலாம். ஆங்கிலம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. மணிமேகலை என்ற பெயரில் உள்ள 'க'வுக்கு ஆங்கிலத்தில் 'கே' போடுவதா, 'ஜி' போடுவதா? கயல்விழியின் 'ழி'க்கு எத்தனை எழுத்து? முகவரியில் ஒரு எழுத்து பிசகினால் கடிதம் வேறொரு மணிமேகலைக்குப் போகும். பென்ஷன் தகவலும் தேர்வு நுழைவுச் சீட்டும் இ-மெயிலில் வரும் காலத்தில், தன் பெயரைத் தனக்குத் தெரியாத எழுத்தில் அடுத்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவரின் நிலை அது.

தேவையான தொழில்நுட்பம் 2012லிருந்து தயாராக இருக்கிறது. மாநில அரசு அலுவலகமோ வங்கியோ பல்கலைக்கழகமோ அடுத்த முறை மெயில் சர்வர் வாங்கும்போது டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: தமிழ் முகவரியிலிருந்து ஒரு கடிதம் வர வேண்டும், அதே முகவரிக்கு ஒரு பதில் போக வேண்டும். சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். வெளியே விற்கும் படிவங்களுக்கும் வடிகட்டிகளுக்கும் அதே சோதனையை வைக்கலாம். வைக்காதவரை, கடிதத்துக்குள் தமிழ் இருக்கும். உறையின் மேல் இருக்காது.